பறவை பார்க்கத்தான் போகிறேன்

முதல் முறை பொய் சொல்லிவிட்டுத்தான் போனேன். தூத்துக்குடியில் கருத்தரங்கம், கட்டுரை வாசிக்கிறேன் என்றேன். வீட்டில் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அத்தை புளியோதரை கட்டிக் கொடுத்தார். கணவர் பேருந்து நிலையம் வரை வண்டியில் கொண்டுவந்து விட்டு, “சான்றிதழ் வாங்க மறந்துடாதே” என்று நினைவூட்டினார். அடுத்த ஆண்டு விடைத்தாள் திருத்தும் பணி என்றேன். அதற்கும் புளியோதரை கிடைத்தது. மூன்றாம் ஆண்டு, இந்தத் தை மாதம், உண்மையைச் சொன்னேன். “பொங்கல் விடுமுறையில் மூணு நாள் தூத்துக்குடிக்குப் போறேன். சைக்கிள் ஓட்டணும், பறவை பார்க்கணும்.” வீடு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் கேள்விகள் வந்தன. யாரோடு போகிறாய்? எதற்குப் போகிறாய்? கடைசியாக அத்தை கேட்டார்: “இங்க கண்மாயில இல்லாத கொக்கா அங்க இருக்கு?” முதல் இரண்டும் எல்லா வீட்டிலும் எல்லாப் பெண்களும் கேட்டுப் பழகிய கேள்விகள். மூன்றாவது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

எனக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், வேலை ராஜபாளையத்தில். நடுவில் பன்னிரண்டு கிலோமீட்டர் போல. மேற்கே மலை கூடவே வரும். ஐப்பசி, கார்த்திகையில் மழை ஒழுங்காகப் பெய்துவிட்டால் கண்மாய்கள் நிரம்பிக் கிடக்கும். பேருந்தின் சன்னலோரத்தில் உட்கார்ந்துதான் பறவை பார்க்கக் கற்றுக்கொண்டேன். முக்குளிப்பான், நாமக்கோழி, பாம்புத்தாரா, நீர்க்காகம். ஓடுகிற பேருந்திலிருந்து ஒரு பறவைக்கு நான்கு விநாடி கிடைக்கும். அதற்குள் அலகையும் காலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மீதியைப் புத்தகத்தில் தேட வேண்டும். அந்தப் புத்தகங்களும் ஆண் பறவையை முழுதாக வருணித்துவிட்டு, ‘பெண்: நிறம் மங்கியது’ என்று ஒரு வரியில் முடித்துவிடும்.

ஒரு நாள் துணிந்து வழியில் இறங்கிவிட்டேன். மாலை ஐந்து மணி. கைப்பையோடு கண்மாய்க் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் இருக்கும். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். “ஏம்மா, எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்மா. பிள்ளைகள நெனச்சுப் பாரு” என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. தனியாக ஒரு பெண் தண்ணீர்க் கரையில் நிற்பதற்கு ஒரே ஒரு காரணம்தான் அவருக்குத் தெரியும். சாகப் போகிறவளைத் தடுத்து அனுபவம் இருந்திருக்கலாம். சும்மா நிற்கிறவளை அவர் பார்த்ததே இல்லை. எதிர்க்கரையில் நான்கைந்து ஆண்கள் வெகுநேரமாகத் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் யாரும் ஓடவில்லை.

அத்தைக்கு என் பதில் இதுதான். கொக்கு இங்கேயும் இருக்கிறது. நின்று பார்க்க இடம் இல்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நெய்தல் திணைப் பாடல்களை ஆய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவள் நான். குருகு, நாரை, அன்றில் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். பி.எல்.சாமியின் ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ நூலை நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்கிறேன். நற்றிணையின் எழுபதாம் பாட்டை எத்தனையோ ஆண்டு வகுப்பில் நடத்தியிருக்கிறேன். வெள்ளிவீதியார் பாடியது. சிறிய வெள்ளைக் குருகு ஒன்று எங்கள் துறைக்கு வந்து மீன் தின்றுவிட்டு அவன் ஊருக்குத் திரும்பிப் போகிறது, என் துயரத்தை மட்டும் அவனிடம் சொல்ல மறந்துவிடுகிறது என்று ஒருத்தி அதனிடமே முறையிடுகிறாள். அந்தக் குருகின் வெண்மைக்கு வெளுத்த துணியை உவமை சொல்கிறாள். உவமையின் நயத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்ட எனக்கு, குருகு எப்படி நிற்கும், எப்படிக் கழுத்தை இழுத்துக்கொள்ளும், மீனைக் கண்டதும் எப்படி அசையாமல் உறையும் என்று தெரியாது. வெள்ளிவீதியார் பார்த்திருக்கிறார். கணவனைத் தேடி அலைந்தவர் என்று அகநானூற்றில் ஔவையார் அவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். வெளியே போனவள் எழுதியதை வீட்டுக்கும் வகுப்புக்கும் நடுவிலேயே நடந்தவள் விளக்கிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊரில் பெண்கள் வெளியே போவதே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மார்கழியில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து பாருங்கள். விடியலுக்கு முன்பே, இருட்டில், சிறுமிகளும் பெண்களும் ஆண்டாள் கோயிலுக்கு நடந்துகொண்டிருப்பார்கள். தோழிகளை எழுப்பி வெளியே அழைத்த ஒரு பெண்ணின் ஊர் இது. ஆனைச்சாத்தன் என்ற பறவையின் பேச்சு விடியலில் கேட்கிறது என்று திருப்பாவையிலேயே வருகிறது. அதே மார்கழி இருட்டில், அதே தெருவில், பூக்கூடையோடு போனால் யாரும் எதுவும் கேட்பதில்லை. கழுத்தில் பைனாகுலரோடு போனபோது பால்காரர் முதல் பக்கத்து வீட்டு மதினி வரை கேட்டார்கள். நூல் மில் வேனுக்கு அதிகாலையில் காத்திருக்கும் பெண்களையும் யாரும் கேட்பதில்லை. நோன்புக்குப் போகலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணத்துக்கும் இழவுக்கும் போகலாம். பெண் வெளியே போகத் தடை இல்லை, காரணம் வேண்டும். ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பைப் பெண்களைப் பற்றி எழுதிய ‘ஒய் லாய்டர்’ என்ற நூல் 2011இல் வந்தது. சும்மா சுற்றுவதும் பெண்ணின் உரிமைதான் என்று அது வாதிடுகிறது. படித்தபோது அது மும்பைக்குச் சரி என்று நினைத்தேன். கண்மாய்க் கரையில் நின்ற பிறகு அது ஸ்ரீவில்லிபுத்தூருக்கும்தான் என்று புரிந்தது.

சைக்கிள் கதையும் இதேதான். பத்து வயதில் வாடகை சைக்கிளில் அண்ணனோடு சேர்ந்து கற்றுக்கொண்டேன். வயதுக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்கள். அதே தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது அங்கே ஆட்சியர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிளைக் கையில் எடுத்தார்கள் என்று பி.சாய்நாத் எழுதினார். ஆண்கள் சைக்கிளைப் பல பெண்கள் விரும்பியதாகவும், முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதே காரணம் என்றும் அவர் குறித்திருக்கிறார். அந்தக் கம்பியை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. விடுதலை கிடைத்த அன்றே அதில் குழந்தைக்கும் இடம் பார்த்தாயிற்று.

பிறகு அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. என் மகளுக்கும் வந்தது, முன்னால் கூடை வைத்தது. அது பள்ளிக்கும் டியூசனுக்கும் மட்டுமே போகும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்களின் சைக்கிள்கள் எங்கள் தெருவில் எத்தனையோ வீட்டு நடையில் துருப்பிடித்து நிற்கின்றன. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, இரவு ஒன்பது மணிக்கு மேல், தெரு அடங்கியதும், மகளின் சைக்கிளில்தான் மறுபடி பழகினேன். மகள் பின்னால் ஓடிவந்தாள். “பிரேக்கைப் பிடிம்மா, பயந்தா பிரேக்கைப் பிடி, காலை ஊன்றாதே” என்று சொல்லிக்கொடுத்தாள்.

தூத்துக்குடியைத் தேர்ந்ததற்குப் பெரிய காரணம் இல்லை. என்னோடு முதுகலை படித்த தோழி அங்கே பள்ளி ஆசிரியை. அவளிடம் இரண்டு சைக்கிள் இருந்தன. கடற்கரை ஊர், மேடு பள்ளம் இல்லாத தரை. தை மாதத்தில் எங்கள் ஊரில் மலைக்காற்று காலை ஏழு வரை போர்வைக்குள் தள்ளும். அங்கே விடியற்காலையிலும் காற்று வெதுவெதுப்பாக இருக்கும். குளிருக்குத் தப்பிக் கதகதப்பான கடற்கரைக்குப் போவது பறவைகளின் வழக்கம். நானும் அதையே செய்தேன். சிவகாசி, கோவில்பட்டி என்று பேருந்து மாறிக் கரிசல் காட்டைக் கடந்து போனால் உப்புக்காற்று முகத்தில் அடிக்கும்.

காலை ஐந்தரைக்கு நாங்கள் இருவரும் கிளம்புவோம். துப்பட்டா சங்கிலியில் மாட்டும் என்று வீட்டிலேயே விட்டுவிட்டோம். அதற்கே எனக்குத் தெருமுனை வரை கூச்சமாக இருந்தது. முத்தையாபுரம், முள்ளக்காடு தாண்டித் திருச்செந்தூர் சாலையில் பழையகாயல் பக்கம் போனால் இருபுறமும் உப்பளம். கண்ணுக்கு எட்டியவரை பாத்தி, வரப்பு, தண்ணீரில் வானம். மரம் இல்லை, மறைப்பு இல்லை. பவளக்கால் உள்ளான்கள் சிவந்த நீளக்கால்களில் தங்கள் நிழலைத் தாங்களே மிதித்து நடந்தன. கொசு உள்ளான்கள் ஓரத்தில் ஓடிக்கொண்டே இருந்தன. அந்தக் குஞ்சுப் பறவையின் எடை மூன்று பத்து ரூபாய் நாணயங்களின் எடைதான் இருக்கும். ஆர்க்டிக் பகுதியில் முட்டையிட்டுப் பொரித்து, சைபீரியாவைக் கடந்து நம் உப்பளத்துக்கு வருகிறது. 2022இல் அலாஸ்காவிலிருந்து கிளம்பிய பட்டைவால் மூக்கன் ஒன்று எங்கும் இறங்காமல் 11 நாளில் 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மானியாவில் இறங்கியது. அப்போது அதற்கு ஐந்து மாத வயது. “யார் கூடப் போறேன்னு அதுக்கிட்ட யாராவது கேட்டிருப்பாங்களா?” என்றாள் தோழி.

எங்களைக் கேட்டார்கள். அரை மணிக்கு ஒருமுறை ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கும். “வழி மாறிட்டீங்களா மேடம்?” “வண்டி பஞ்சரா?” என்று அக்கறையாகக் கேட்டவர்கள் உண்டு. கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்தவர்களும் உண்டு. ஒருவர் கூட நாங்கள் வரவேண்டிய இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று நினைக்கவில்லை. வெளியே சொல்லாத இன்னொரு கஷ்டமும் இருந்தது. மறைப்பே இல்லாத அந்த வெட்டவெளியில் ஒதுங்க இடம் இல்லை. அதனால் காலையிலிருந்து நாங்கள் தண்ணீர் குடிக்கவில்லை. பத்து மணி வெயிலில் தலை வலித்தது. பறவை பார்ப்பது பற்றி நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இந்தக் குறிப்பு இல்லை.

இரண்டாம் நாள் காலையில்தான் பூநாரைகளைக் கண்டோம். தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. பைனாகுலரில் பார்த்தபோது அந்தக் கோடு பிரிந்து பறவைகளாயிற்று. நான்கடி உயரத்தில், கழுத்தை வளைத்துத் தலைகீழாக அலகை நீரில் நுழைத்து மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்று சிறகை விரித்தது. உள்ளே இருந்த சிவப்பைப் பார்த்து நான் சத்தமாகவே கத்திவிட்டேன்.

பக்கத்துப் பாத்தியில் வேலை செய்துகொண்டிருந்த அக்கா ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். மழைக்குப் பிறகு அளத்தைச் சீர்செய்யும் வேலை நடந்துகொண்டிருந்தது. சேற்றை அள்ளி, பாத்தியைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். அதன் பிறகுதான் நீர் பாய்ச்சி உப்பு வாருவார்கள். அவர் காலில் பழைய சாக்குத் துணியைச் சுற்றியிருந்தார்.

“என்னத்தம்மா பாக்கிய?”

“பறவைக்கா. பூநாரை.”

“இதுக்குச் சம்பளம் உண்டுமா?”

“இல்லக்கா.”

“பின்ன?”

“சும்மா பாக்கத்தான்.”

அவர் சிரித்தார். கேலியாக இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அது வந்துட்டா எங்களுக்கு வேல இல்லன்னு அர்த்தம்” என்றார். குஜராத்துக்கு அடுத்து இந்தியாவில் அதிக உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு இந்த மாவட்டத்தில். மழை தொடங்கினால் வேலை நின்றுவிடும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெண்களுக்குக் கூலி இல்லை. அந்த மாதங்களில்தான் அளம் நீர் நிறைந்து பறவைகளை அழைக்கிறது. மழைக்கால நிவாரணமாக ஆண்டுக்கு 5,000 ரூபாய் தர அரசு 2022இல் தொடங்கியது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவாயிற்று. குவித்து வைத்த உப்பு அம்பாரமெல்லாம் கரைந்து போனதை அவர் கையால் காட்டினார். ராஜம் கிருஷ்ணன் இந்த மக்களிடையே வந்து இருந்து பார்த்துவிட்டுத்தான் ‘கரிப்பு மணிகள்’ நாவலை எழுதினார். நான் அதைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அந்த அக்காவுக்கு முன்னால் நின்றது கூச்சமாக இருந்தது. அவர் கேட்ட சம்பளம் எனக்கு வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் மாதம் பிறந்தால் வங்கியில் விழுகிறது. சும்மா பார்க்கிற என் சுகம் அதன் மேல்தான் நிற்கிறது.

வேறு என்ன செய்வதென்று தெரியாமல் பைனாகுலரைக் கழற்றி அவரிடம் நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். கண்ணில் நீர் வழிந்தது.

“எல்லாம் ஒரே வெள்ளையாத்தான் தெரியுது. உப்பப் பாத்துப் பாத்துக் கண்ணு அவிஞ்சு போச்சு. நீங்க சொல்லுங்க, என்ன செய்யுதுன்னு.”

திருப்பி வாங்கிப் பார்த்துச் சொன்னேன். அலகு தலைகீழாக இருக்கிறது. தண்ணீரை வடிகட்டித் தின்கிறது. நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்துச் சேற்றை மிதிக்கிறது, மிதித்தால் அடியில் இருக்கிற இரை மேலே வரும்.

“மிதிக்குதா?”

“ஆமாக்கா. விடாம மிதிக்குது.”

“அப்ப அதுக்கும் இந்தப் பொழப்புத்தானா” என்று சொல்லிவிட்டுத் தன் பாத்திக்குத் திரும்பினார். போகும் முன், “அங்கன தகரம் மறைச்சு வச்சிருக்கோம், ஒதுங்கணும்னா போய்ட்டு வாங்க, தண்ணி குடிக்காமக் கெடக்காதிய” என்றார். நாங்கள் கேட்கவே இல்லை. எங்கள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

அன்று இரவு தோழி பனங்கிழங்கு அவித்து வைத்தாள். பொங்கல் முடிந்தும் வீட்டில் கட்டுக் கட்டாகக் கிடந்தது. ஒன்றைப் பிளந்தபோது சத்திமுத்தப் புலவரின் நாரை நினைவுக்கு வந்தது. பிளந்த பனங்கிழங்கைத்தானே அவர் அதன் அலகுக்கு உவமை சொன்னார். பறவைகளின் வலசைக்குத் தமிழில் நல்ல சான்று என்று எல்லாரும் எடுத்துக்காட்டுகிற பாட்டு அது. நானும் எடுத்துக்காட்டியிருக்கிறேன். நாரையும் அதன் துணையும் தெற்கே குமரிக்கடல் ஆடிவிட்டு வடக்கே திரும்புகின்றன. புலவர் மதுரையில் குளிரில் நடுங்கியபடி அவற்றைத் தூது விடுகிறார். அவருடைய மனைவி நனைந்த சுவருள்ள வீட்டில் பல்லி என்ன சொல்லும் என்று காத்திருக்கிறாள். வறுமையின் துயரம் என்று இத்தனை ஆண்டு நடத்திய பாட்டை அன்று வேறொரு பக்கத்திலிருந்து பார்த்தேன். பெண் நாரை கடல் பார்த்துவிட்டு வருகிறது. ஆண் ஊரூராகப் போகிறான், நாரையைப் பார்க்கிறான், பாட்டு எழுதுகிறான். அவள் பார்ப்பதற்கு வீட்டுச் சுவரில் ஒரு பல்லிதான் இருக்கிறது. வறுமை இருவருக்கும் பொது. கடல் அவளுக்கு இல்லை. இத்தனை முறை வகுப்பில் நடத்தியும் இது எனக்குத் தோன்றியதில்லை. சைக்கிள் மிதித்துத் தொடை வலிக்க உட்கார்ந்திருந்த இரவில்தான் தோன்றியது.

ஞாயிறு இரவு மக்ரூன் பெட்டியும் ஒரு கட்டுப் பனங்கிழங்குமாக வீடு வந்து சேர்ந்தேன். கணவர், “என்ன, ஆச்சா?” என்று மட்டும் கேட்டார். கோபம் முழுதாகத் தீரவில்லை. மூன்று நாள் சமையலைப் பார்த்துக்கொண்டதில் களைத்தும் இருந்தார். அதுவும் நல்லதுதான் என்று விட்டுவிட்டேன். மகள் என் குறிப்பேட்டைப் பிடுங்கிக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள்.

அத்தை அடுப்படியில் உட்கார்ந்து பனங்கிழங்கின் நாரை உரித்துக்கொண்டிருந்தார். எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. கடலைத் திருச்செந்தூரில் பார்த்திருக்கிறார், முடியிறக்க வந்த பேரப்பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

“அந்தக் கொக்கப் பாத்தியா?”

“பாத்தேன் அத்தை. பூநாரைன்னு பேரு. எரநூறுக்கு மேல இருந்துச்சு.”

“அம்புட்டா? அதுல ஆணு எது, பொட்டை எது?”

“தூரத்துல இருந்து பாத்தா தெரியாது அத்தை. எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும்.”

அத்தை நாரை உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு கிழங்கை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை என்னிடம் நீட்டினார்.

“அப்பப் போய் பாக்க வேண்டியதுதான்” என்றார்.